கேஎல் வண்டி, செங்கோட்டை வீடு

செங்கோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, எட்டு மாதத்துக்கு முன்னால் கொல்லத்தில் ஒரு சேட்டனிடம் 2016 மாடல் சின்ன பெட்ரோல் கார் வாங்கினேன். வேலை மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் என்பதால் வாரம் மூன்று நாள் மலை ஏறி இறங்குகிறேன். புளியரை இறக்கத்தில் கருகல் வாடை வருகிறது, பிரேக் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. இரண்டு நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுக்க மாட்டேன் என்கிறது. சாரல் நாட்களில் முன்கண்ணாடி புகைமூட்டம் மாதிரி மூடிக்கொள்கிறது, பக்கத்து சீட் காலடியில் ஒரே ஈரம். 18 கொடுக்கும் என்று சொன்ன மைலேஜ் 15-தான் வருகிறது. எலி வேறு ஒயரைக் கடித்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் 42,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டிவிட்டார்கள், படம் இணைத்திருக்கிறேன். ஆர்சி இன்னும் அந்த சேட்டன் பெயரில்தான் இருக்கிறது. கேஎல், அதாவது கேரள நம்பர் என்பதற்காகவே பிடிக்கிறார்கள், ரோட்டில் லாரிக்காரர்கள் தொல்லை வேறு. விற்றுத் தலைமுழுகிவிடலாமா?”

தம்பி, விற்க வேண்டாம். ஆனால் பிரேக் சரியாகிற வரைக்கும் புனலூருக்கு பஸ்ஸில் போங்கள். மற்ற எல்லாப் புகாரும் ஒரு வாரம் பொறுக்கும், அது பொறுக்காது.

உங்கள் எஸ்டிமேட்டை இரண்டு தடவை படித்தேன். டிஸ்க் பேட், முன் டிஸ்க் இரண்டு, பின் பிரேக் ஷூ, புது பேட்டரி, இன்ஜெக்டர் கிளீனிங், இன்ஜின் ஃப்ளஷ், ஏசிக்குக் கிருமிநாசினி, அடிப்பாகத்துக்கு கோட்டிங், பெயின்ட்டுக்கு டெஃப்ளான். கல்யாண சமையல் லிஸ்ட் மாதிரி எல்லாம் இருக்கிறது, உப்பைக் காணோம். பிரேக் ஆயில் அதில் இல்லை. நீங்கள் சொன்ன புகாரைக் கேட்டால், இந்த மலையடிவாரத்தில் இருபத்தைந்து வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நான் பானட்டைத் தூக்கியதும் முதலில் பார்ப்பது அந்தச் சின்ன வெள்ளை டப்பாவைத்தான்.

பிரேக் ஆயில் என்று பெயர்தானே தவிர அது எண்ணெய் இல்லை. கிளைகால் வகையைச் சேர்ந்த ஒரு திரவம். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம், உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் கசிகிற மாதிரி. டாட் 4 என்ற தரக்குறி டப்பாவில் போட்டிருந்தால், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அதிலேயே 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் கொதிநிலை 155 வரை இறங்கிவிடலாம். டாட் 3 என்றால் 205, ஈரம் சேர்ந்தபின் 140. உங்கள் வண்டி கொல்லத்துக் கடல் காற்றில் பல வருடம் நின்றது, இப்போது நம்மூர்ச் சாரலில் நிற்கிறது. ஆயிலை இடையில் யாராவது மாற்றினார்களா என்று அந்த சேட்டனைக் கேட்டுப் பாருங்கள். “மாற்றணுமா?” என்று திருப்பிக் கேட்பார்.

இப்போது மலையிறங்குங்கள். கோட்டைவாசல் தாண்டி புளியரை எஸ் வளைவு வரைக்கும் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் முன் டிஸ்க் சூடேறி, அந்தச் சூடு, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்குப் போகிறது. ஈரம் ஏறிய ஆயில் அங்கே கொதித்து ஆவியாகிறது. திரவத்தை அமுக்கினால் அது அழுத்தத்தை அப்படியே சக்கரத்துக்குக் கொடுக்கும். ஆவியை அமுக்கினால் அது சுருங்கிக்கொள்ளும். நீங்கள் மிதித்த மிதியெல்லாம் அந்த ஆவியைச் சுருக்குவதிலேயே போய்விடுகிறது, பெடல் பஞ்சாகிவிடுகிறது. இதில் ஒரு கண்ணாமூச்சி ஆட்டமும் உண்டு. அரைமணி நேரம் வண்டி நின்றால் ஆவி குளிர்ந்து மறுபடி திரவமாகிவிடும், பெடலும் கல் மாதிரி நிற்கும். அதனால்தான் சர்வீஸ் சென்டரில் மிதித்துப் பார்த்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கருகல் வாடை என்று நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு பேட், டிஸ்க் என்று எழுதித் தள்ளிவிட்டார்.

ஒரு ஐப்பசி மாதம் கொல்லம் பக்கமிருந்து குற்றாலத்துக்கு வந்த குடும்பம் ஒன்று, ஆள் ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். டாப் கியரிலேயே மலை இறங்கியிருக்கிறார்கள். கடைசி வளைவுக்கு முன்னால் பெடல் தரை வரை போய்விட்டது. ஓட்டி வந்தவர் புத்திசாலி, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, ரோட்டோரம் கொட்டிக் கிடந்த மணலில் ஏற்றி நிறுத்திவிட்டார். கயிறு கட்டி என் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தபோது மிதித்துப் பார்க்கிறார், பிரேக் பிடிக்கிறது! மனுஷன் முழித்த முழி இன்னும் ஞாபகம் இருக்கிறது. வீல் பக்கத்தில் ஆயிலை வெளியேற்றுவதற்கென்று இருக்கும் பிளீடர் நட்டைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டினேன். புது ஆயில் தேன் கலந்த தண்ணீர் நிறத்தில் இருக்கும். வந்ததோ பாலில்லாத கட்டன் சாயா. அவரும் மலையாளிதான், விளக்கம் தேவைப்படவில்லை.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது நான்கு சக்கரத்திலும் பிளீட் செய்து பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிப் புதிதாக நிரப்புவது. மேலே டப்பாவில் இருப்பதை மட்டும் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதிதை ஊற்றினால் கணக்குத்தான் நேராகும், கொதிக்கிற இடத்தில் பழசு அப்படியே இருக்கும். சீல் உடைக்காத டப்பா வாங்குங்கள். பாதி திறந்து அலமாரியில் கிடந்தது வேண்டாம், அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். பானட்டுக்குள் இருக்கும் அந்த வெள்ளை டப்பாவின் மூடியில் உங்கள் வண்டிக்கு எது என்று போட்டிருக்கிறதோ அதுதான். பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. நம் மலையடிவாரத்தில் அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆயிலும் கூலியும் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சத்தில் முடிகிற வேலை.

பேட் தேயவில்லை என்று நான் சொல்லவில்லை. கழற்றி அளந்து பார்க்கட்டும். ஆனால் அறிகுறியைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பெடல் பஞ்சாக உள்ளே போனால் ஆயில் கொதிக்கிறது, இல்லையென்றால் லைனில் காற்று. பெடல் கெட்டியாக நின்றும் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனால் பேட் சூட்டில் பிடிப்பை இழந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு, கடலோர வண்டிகளில் நான் அடிக்கடி பார்ப்பது: காலிப்பரை நகரவிடும் சின்னக் கம்பி துருப்பிடித்துச் சிக்கி, ஒரு சக்கரத்தில் மட்டும் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். சமதரையில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு வீலுக்குப் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் குற்றவாளி அங்கேதான். மைலேஜ் குறைவதற்கும் இது ஒரு காரணம், அதற்குப் பிறகு வருகிறேன். சூடான டிஸ்க்கில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், கோணிப்போகும்.

ஓட்டுகிற விதம்தான் பாதி வைத்தியம். ஏறும்போது எந்த கியரோ, அதே இறக்கத்தில் இறங்கும்போதும் அந்த கியர் என்பது லாரிக்காரர்கள் சொல்லிக்கொடுத்த பழைய கணக்கு, இன்றைக்கும் பொருந்தும். செகண்டில், தேவைப்பட்டால் தேர்டில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை நீண்ட நேரம் தடவிக்கொண்டிராமல், வேகம் கூடும்போது ஒருமுறை அழுத்தி மிதித்துக் குறைத்துவிட்டு விடுங்கள். இடைவெளியில் டிஸ்க் ஆறும்.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று நம்மூரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. உங்கள் வண்டியில், கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் இருக்கிறது. கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும், சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் தெளிக்க வேண்டியிருக்கிறது. ஆக, நியூட்ரலில் இறங்குகிறவர் பெட்ரோலையும் செலவழித்து, பிரேக்கையும் எரிக்கிறார். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டே இறங்குகிறவர்களை என்ன சொல்வது? மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் இன்ஜினிலிருந்துதான் வருகிறது. அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிதான் லேசாக இருக்கும், பிறகு பெடல் மரக்கட்டை. பவர் ஸ்டியரிங்கும் கைவிட்டுவிடும்.

சரி, பேட்டரிக்கு வருவோம். புதிது வாங்கும் முன் இருபது ரூபாய்கூடச் செலவில்லாமல் பார்க்க முடிகிற விஷயங்கள் இருக்கின்றன. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. ஸ்டார்ட் செய்தபின் 13.8-லிருந்து 14.4-க்குள் நின்றால் ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் ஏற்றுகிறது. நீங்கள் அனுப்பிய இன்னொரு படத்தில் டாஷ்போர்டில் பெரிய ஸ்க்ரீன், டிக்கியில் ஆம்ப்ளிஃபயர், ரிவர்ஸ் கேமரா எல்லாம் தெரிகிறது. கம்பெனி போட்டதில்லை, சேட்டன் போட்டது. வண்டி முழுக்க அணைந்து தூங்கியபின் பேட்டரியிலிருந்து ஓடும் கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. உங்கள் பாட்டுப் பெட்டிக்கு ஒயரை நேராக பேட்டரியிலிருந்து இழுத்திருந்தால் 300 மில்லி ஆம்பியர்கூட ஓடலாம். சின்ன காருக்குப் போடும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்குக் கணக்குப் போடுங்கள்: ஐந்து நாளைக்குள் முழுக் காலி, இரண்டரை நாளில் பாதி. இரண்டு நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுக்கவில்லை என்று நீங்கள் சொன்னது அந்தக் கணக்கோடு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.

எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய், நெகட்டிவ் ஒயரைக் கழற்றி இடையில் மீட்டரை வைத்து, அரைமணி நேரம் பொறுத்து, அப்புறம் ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எதைப் பிடுங்கினால் மீட்டர் இறங்குகிறதோ அந்த லைனில் கசிவு. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீரில் சமையல் சோடா கலந்து கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரையும் மறந்துவிடாதீர்கள், கடற்கரை வண்டிகளில் அதுதான் முதலில் உளுத்துப்போகும். இவ்வளவும் பார்த்தபிறகும் பேட்டரிக்கு நான்கு வயதைத் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை.

கண்ணாடி மூடுவதும் காலடி ஈரமும் நீங்கள் இரண்டு புகாராக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. ஏசி ஓடும்போது உள்ளே குளிரும் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். நல்ல வெயிலில் ஏசி போட்டு நிறுத்தினால் தரையில் ஒரு சின்னக் குளம் தெரிகிறதா? தெரியவில்லையென்றால் அந்தக் குழாய் தூசியால் அடைத்திருக்கிறது, தண்ணீர் உள்ளே பக்கத்து சீட் காலடிக்கு இறங்குகிறது. கம்ப்ரஸர் காற்றை மெதுவாகக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் இலை தேங்கி மழைத்தண்ணீர் உள்ளே போவதும் உண்டு, மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் அதையும் வாரிவிட வேண்டும். ஈரம் பிசுபிசுவென்று தித்திப்பு வாடை அடித்தால் மட்டும் விஷயம் வேறு, அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட்.

ஊறிப்போன கார்ப்பெட் நாள் முழுக்க ஆவி விட்டுக்கொண்டிருந்தால் கண்ணாடி மூடாமல் என்ன செய்யும்? முதலில் கார்ப்பெட்டைத் தூக்கிக் காயவையுங்கள். மழையில் ஓட்டும்போது ஏசியைப் போட்டு, காற்று உள்ளேயே சுற்றும் பட்டனை அணைத்து, வெளிக்காற்று வரும்படி வைத்து, கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள். குளிர்கிறது என்று ஏசியை அணைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து எடுப்பதே ஏசிதான். ஆரியங்காவு பக்கம் மேகம் ரோட்டுக்கே இறங்கி வரும் நேரத்தில் சில சமயம் வெளிப்பக்கம் மூடும். வைப்பர் போட்டால் விலகிவிட்டால் அது வெளிமூட்டம், அப்போது மட்டும் கண்ணாடிக்குப் போகும் குளிரைக் குறையுங்கள்.

கார்ப்பெட்டைத் தூக்கும்போது இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் முங்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு எத்தனையோ கை மாறியிருக்கின்றன. சீட் பெல்ட்டை கடைசி வரை வெளியே இழுங்கள், அடியில் வண்டல் கோடு தெரிகிறதா? சீட் ஓடும் தண்டவாளத்தில், ஸ்டெப்னி குழியில், ஃப்யூஸ் பெட்டி மூலையில் மண்துரு இருக்கிறதா? வாங்கும் முன் பார்த்திருக்க வேண்டியது. இப்போதாவது தெரிந்துகொண்டால், நாளைக்கு எலெக்ட்ரிக்கல் தொந்தரவு வரிசையாக வரும்போது ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிப் பணத்தைக் கரைக்க மாட்டீர்கள்.

மைலேஜ் விஷயத்தில் எல்லாரும் இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் திட்டுகிறார்கள். திட்டுவதில் நியாயமும் உண்டு. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான சக்திதான் இருக்கிறது. மத்திய அரசின் நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, 10 சதவீத எத்தனாலுக்குத் தோதாக அமைத்த பழைய கார்களில் 20 சதவீதம் கலந்தால் 6, 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் 18-லிருந்து 15 என்றால் 16 சதவீதத்துக்கும் மேல் குறைவு. எல்லாவற்றையும் எத்தனால் தலையில் கட்ட முடியாது. அந்த 18 யார் சொன்னது? கொல்லத்து சேட்டன். அவர் ஓட்டியது கடற்கரையோரம், நீங்கள் ஓட்டுவது மலை. ரயிலுக்கே இந்த மலையில் பின்னால் இன்னொரு இன்ஜின் மாட்டித் தள்ளுகிறார்கள். டயர் காற்றை டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு வையுங்கள், உரசும் பிரேக்கைச் சரிசெய்யுங்கள், அப்புறம் டேங்கை நிரப்பி, ஒரு 300 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி நிரப்பி வகுத்துப் பாருங்கள். டாஷ்போர்டு காட்டுகிற எண்ணை நம்ப வேண்டாம். 16 வந்தால் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர் கிளீனிங், இன்ஜின் ஃப்ளஷ் இரண்டையும் பேனாவால் அடித்துவிடலாம். மிஸ்ஸிங்கோ, இன்ஜின் லைட்டோ இல்லாத வண்டிக்கு அது தேவையில்லை. பெட்ரோல் மட்டும் நம் பக்கமே போட்டுக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து கேரளத்தில் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வேறு சேர்ந்திருக்கிறது. எல்லைப் பக்கத்து பங்குகளில் கேஎல் வண்டிகள் நிற்பது சும்மா இல்லை.

எலி. இதற்கு மருந்து கண்டுபிடித்தவன் கோடீஸ்வரன் ஆகிவிடுவான். புகையிலை, நாப்தலின் உருண்டை, பினாயில், சத்தம் போடும் பெட்டி என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. நாலு நாள் பயப்படும், ஐந்தாம் நாள் பழகிவிடும். ஒரு வண்டியில் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தேன், நெல் உமி, கடலைத் தோல், பள்ளிக்கூட நோட்டுத் தாள் எல்லாம் போட்டு மெத்தை விரித்துக் குடித்தனமே நடத்தியிருந்தது. மழைக்காலத்தில் சூடான இன்ஜின் அதற்கு அடுப்பங்கரை மாதிரி. நெல் மூட்டை, மாட்டுத் தீவனம் பக்கத்தில் நிறுத்தாமல் இருப்பது, கார் ஷெட்டில் ராத்திரி பானட்டைத் திறந்துவைத்து ஒரு விளக்கு எரியவிடுவது, ஏர் இழுக்கும் வாயில் கம்பி வலை கட்டுவது, இவைதான் நான் பார்த்ததில் கொஞ்சமாவது வேலை செய்தவை. கடித்த ஒயரை இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுவிடாமல் சால்டரிங் செய்து ஸ்லீவ் மாட்டச் சொல்லுங்கள். ஹார்னெஸ், அதாவது ஒயர்க் கட்டு முழுக்க மாற்றணும் என்று யாராவது சொன்னால் எத்தனை ஒயர் அறுந்திருக்கிறது என்று எண்ணிக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது பேப்பர். பிரேக்குக்கு அடுத்தபடி எனக்குத் தூக்கம் கெடுவது உங்கள் ஆர்சியை நினைத்துத்தான். சேட்டன் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தை வாங்கி பீரோவில் வைத்துவிட்டால் வண்டி உங்களுடையது ஆகிவிடாது. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவு. நீங்கள் எட்டு மாதம் கடந்துவிட்டீர்கள், தாமதத்துக்கு அபராதம் கட்டித்தான் ஆக வேண்டும். வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது நம்பர் வாங்க வேண்டும் என்பது 47-ஆம் பிரிவு. அதற்கு உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. கேஎல் நம்பர் என்பதற்காகவே பிடிக்கிறார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். ஒரு மாநிலத்துப் பதிவு நாடு முழுக்கச் செல்லும், நம்பருக்காக யாரும் அபராதம் போட முடியாது. ஆனால் ஆர்சியில் ஒரு பெயர், லைசென்ஸில் ஒரு பெயர், வீடு செங்கோட்டையில் என்றால் செக்போஸ்ட்டில் நிற்பவர் கேட்காமல் இருப்பாரா?

இன்ஷூரன்ஸில்தான் ஆபத்து. வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு தானாக உங்களுக்கு வந்துவிடும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி அப்படி வராது, 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்றியிருக்க வேண்டும். நாளைக்கு எஸ் வளைவில் நீங்களே எதிலாவது மோதிவிட்டால் உங்கள் வண்டிச் செலவு உங்கள் பையிலிருந்துதான். சேட்டனுக்கும் நிம்மதி இல்லை. ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் சட்டத்தின் கண்ணுக்கு உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. நீங்கள் யாரையாவது இடித்தால் நோட்டீஸ் அவர் வீட்டுக்கும் போகும். இதை அவரிடம் எடுத்துச் சொன்னால் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வாங்கித் தருவதில் சோம்பல்பட மாட்டார். இன்ஷூரன்ஸ் மாற்றும்போது இழப்பீடு கேட்காத வருடங்களுக்காக அவருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி உங்களுக்கு வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது வண்டிக்கு இல்லை, ஆளுக்கு. அந்த வித்தியாசத் தொகையைக் கேட்பார்கள், கட்டிவிடுங்கள்.

வரிசை இதுதான். முதலில் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு நிலுவை இ-சலான் இருக்கிறதா என்று பாருங்கள். கேரளத்தில் 2023 ஜூனிலிருந்து ரோட்டோரக் கேமராக்கள் அபராதம் போடுகின்றன. புனலூர் போகிற வழியில் சீட் பெல்ட் போடாமல் மாட்டியிருந்தால் அந்த மெசேஜ் சேட்டன் போனுக்குத்தான் போயிருக்கும், அவர் உங்களிடம் சொல்லியும் இருக்க மாட்டார். அதை முடிக்காமல் என்ஓசி நகராது. வண்டி மேல் லோன் இருந்திருந்தால் பேங்க் கடிதமும் 35-ஆம் ஃபாரமும் வேண்டும். அப்புறம் கொல்லம் ஆர்டிஓவில் 28-ஆம் ஃபாரத்தில் என்ஓசி. அது கைக்கு வந்ததும் தென்காசி ஆர்டிஓவில் 27, 29, 30 ஃபாரங்களோடு இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் கொடுத்து, தமிழ்நாட்டு வரியைக் கட்டி, டிஎன் 76 நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். வரி வண்டியின் வயதையும் விலையையும் பொறுத்தது, போகும் முன் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். கேரளத்தில் கட்டிய 15 வருட வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அலைச்சல்தான். சின்ன கார் என்பதால் தொகையைப் பார்த்துவிட்டு அலையலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். புரோக்கரிடம் ஒட்டுமொத்தமாகக் கொடுப்பதாக இருந்தாலும் ஒவ்வொரு ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

ரோட்டில் லாரிக்காரர்கள் மேல் நீங்கள் அடுக்கியிருந்த புகாரெல்லாம் எனக்கும் உண்டு. எம் சாண்டும் ஜல்லியும் தார்ப்பாய் மூடாமல் போகிறது, ஒரு கல் தெறித்தால் கண்ணாடியில் நட்சத்திரம். அந்த நட்சத்திரம் சின்னதாக இருக்கும்போதே ரெசின் போட்டு அடைத்துவிடுங்கள். விட்டால் ஏசிக் குளிரும் வெயிலும் மாறி மாறிப் பட்டுக் கோடாக ஓடிவிடும். ஆனால் ஒன்றில் லாரி பக்கம்தான் நியாயம். குறுகலான மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். லோடோடு ஏறுகிறவன் பாதியில் நின்றால் மறுபடி எடுப்பதற்குள் கிளட்ச் போய்விடும். அவனுக்கு ஹை பீமை இறக்கிக் கொடுத்துப் பாருங்கள், அடுத்த வளைவில் அவனே கையைக் காட்டி விடுவான்.

ஆக, அந்த 42,000-ல் பிரேக் ஆயில், தேவைப்பட்டால் பேட், காலிப்பர் கம்பி சர்வீஸ், ஏசி குழாய், ஒயர் வேலை என்று பார்த்தால் என் கணக்கில் பேட்டரி தவிர ஏழெட்டாயிரத்தைத் தாண்டாது. மிச்சத்தை ஆர்சி செலவுக்கு வையுங்கள். துரு பார்த்தபிறகு தேவையென்றால் அடிப்பாகக் கோட்டிங் மட்டும் செய்யலாம், கடல்காற்று வண்டி என்பதால் அது வீண் இல்லை. ஆனால் துருவைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பூச வேண்டும், மேலேயே பூசினால் உள்ளே தின்னும்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. ஸ்டெப்னி குழியைப் பார்க்கும்போது டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், அதையும் படியுங்கள். 1416 என்றிருந்தால் 2016-ஆம் வருடம் 14-ஆவது வாரம் செய்தது, வண்டியோடு வந்து ஒருநாளும் ரோட்டைப் பார்க்காதது. பட்டன் புதிதாகத்தான் தெரியும், ரப்பர் கிழடு. ராத்திரி தென்மலைக்கும் கழுதுருட்டிக்கும் நடுவில் பஞ்சரானால் அதைத்தான் மாட்ட வேண்டியிருக்கும். சனிக்கிழமைக்குள் ஒரு டயர் பாருங்கள்.